மலையகத்துச் சைவக் கடையில் சாப்பிடப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கண்டி, கம்பளை, ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று இலங்கையின் எந்த மலையக நகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும், நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு தோசைக் கடை வந்துவிடும். முன்னால் கண்ணாடி அலுமாரியில் வடை, கல்லாவுக்கு மேலே சாமி படங்கள், உள்ளே ஆவி. கொழும்பிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் முதல் தடவை வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தக் கடைகளில் சுவரிலுள்ள பட்டியலைப் பார்த்து ஓடர் கொடுப்பவர் பாதி நாள் ஏமாறுவார். மணியைப் பார்த்துக் கொடுப்பவர் நன்றாகச் சாப்பிடுவார்.

பெயர்ப்பலகையில் "ஹோட்டல்" என்று இருக்கிறது. தங்க அறை கிடைக்குமா?

கிடைக்காது. இலங்கையில் ஹோட்டல் என்றால் பெரும்பாலும் சாப்பாட்டுக் கடைதான். "சைவ ஹோட்டல்", "சைவக் கடை" என்று எழுதியிருந்தால் உள்ளே மீன், இறைச்சி, முட்டை சமைக்கமாட்டார்கள். வெங்காயமும் பூண்டும் தாராளமாக இருக்கும், விரதக்காரர்கள் கேட்டுக்கொள்ளவேண்டும். வெறும் "ஹோட்டல்" என்றோ "ஹோட்டல் அன்ட் பேக்கரி" என்றோ இருந்தால் எல்லாமே கிடைக்கும், தோசையும் சேர்த்து.

இது இந்தியச் சாப்பாடா, இலங்கைச் சாப்பாடா?

வந்த வழி இந்தியா. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் கண்டிக்குப் பக்கத்து லூல்கந்துரவில் தேயிலை தொடங்கிய பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே வியாபாரிகளும் வந்து பஸார்களில் கடை போட்டார்கள். அதனால் தோசை, இட்லி, சாம்பார், ரசம், பூரி, உளுந்து வடை எல்லாம் தமிழ்நாட்டு ஆட்களுக்குக் கேள்வி கேட்காமல் புரியும்.

ஆனால் அதே மேசையில் இடியப்பமும் சொதியும் (தேங்காய்ப்பால் குழம்பு) இருக்கும், தேங்காய்ச் சம்பல் இருக்கும், தாளிதம் கலந்த மஞ்சள் தோசை இருக்கும். அவை யாழ்ப்பாணத்துப் பக்கத்துக் கை. கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து தடியாகத் தட்டிச் சுடும் ரொட்டி தோட்டத்துச் சாப்பாடு. காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களை மத்தியானம் வரை தாங்குவது அதுதான். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் "நம்ம ஊர் மாதிரி இல்லையே" என்று இட்லியை ஒப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட, அங்கே கிடைக்காத இந்த ரொட்டியைச் சம்பலோடு கேட்டுப் பார்ப்பது லாபம்.

எத்தனை மணிக்குப் போனால் என்ன சாப்பிடலாம்?

காலை 6 மணிக்கு அடுப்பு பற்றியிருக்கும். இட்லிக்கு நல்ல நேரம் 7 முதல் 8 வரை. அப்போதுதான் தட்டுத் தட்டாக இறக்குவார்கள். 9 மணிக்கு மேல் தருகிற இட்லி ஏழு மணிக்கு அவித்து மூடி வைத்தது. ஓரம் காய்ந்து, அடிப்பக்கம் வியர்த்திருக்கும். இடியப்பம், பிட்டு, பூரியும் காலைச் சரக்குத்தான். பூரி மட்டும் கேட்ட பிறகு பொரித்துத் தந்தால் வாங்குங்கள். பொரித்து அடுக்கி வைத்த பூரி பத்து நிமிடத்தில் தோலாகிவிடும்.

மசாலா தோசையை 10 மணிக்கு மேல் கேட்காமலிருப்பது நல்லது. உருளைக்கிழங்கு மசாலாவைக் காலையில் ஒரு தடவைதான் கிளறுவார்கள். நேரம் போகப் போக அது இறுகி, உள்ளே ஒரு கட்டியாக நிற்கும்.

10 முதல் 11.30 வரை வடையும் தேநீரும். 12 முதல் 2.30 வரை சோறு. மூன்று மணிக்கு மேல் சோறு கேட்டால் தருவார்கள், ஆனால் கறிகளில் பாதி முடிந்திருக்கும். மூன்றரைக்கு எண்ணெய்ச் சட்டி திரும்பவும் ஏறும்: வடை, தாளித்த கடலை, பயறும் வெல்லமும் உருட்டிப் பொரித்த சூசியம். ஆறு மணியிலிருந்து தோசை, திரும்பவும் இடியப்பம், பராட்டா. இரவு எட்டுக்கு மேல் மலை நகரங்கள் சீக்கிரம் அடங்கிவிடும். கண்டியில் இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். நுவரெலியாவில் மழை நாளென்றால் ஏழரைக்கே கதவை அரைவாசி இறக்கிவிடுவார்கள்.

எந்த நேரமானாலும் உதவுகிற கேள்வி ஒன்று இருக்கிறது: "அண்ணே, இப்ப அடுப்பில இருந்து இறங்கினது என்ன?" பட்டியலில் என்ன இருக்கிறது என்று கேட்டால் மூச்சு விடாமல் இருபது பெயர் சொல்வார்கள். இப்படிக் கேட்டால் இரண்டுதான் சொல்வார்கள். அந்த இரண்டையும் வாங்குங்கள்.

தோசை ஏன் மஞ்சளாகவும் தடிப்பாகவும் இருக்கிறது?

இலங்கைத் தோசை மாவில் உளுந்தும் அரிசியும் போக, பல கடைகளில் கோதுமை மாவும் சேரும். வெந்தயமும் சிறிது மஞ்சளும் போடுவார்கள். சில இடங்களில் வெங்காயம், செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்), கடுகு, கறிவேப்பிலை தாளித்து மாவிலேயே கொட்டிவிடுவார்கள். கோதுமை மா சேர்ந்தால் தோசை மெத்தென்று, கொஞ்சம் இழுபடும் தன்மையோடு வரும். கெட்டிச் சட்னியோடு மடித்துச் சாப்பிட அதுவே வசதி. மெல்லிய மொறுமொறுப்பான தோசை வேண்டுமென்றால் "மெல்லிசா, முறுகலா, நெய் விட்டு" என்று சொல்லிக் கேளுங்கள். எல்லாக் கடைகளிலும் அது வராது. மாவே அதற்கு ஏற்றதாக இருக்காது.

கல் நன்றாக இருக்கிறதா என்று நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். தண்ணீர் தெளித்தால் துளிகள் துள்ளி, இரண்டு மூன்று விநாடியில் மறையவேண்டும். தண்ணீர் நின்று கொதித்தால் சூடு போதாது, தோசை ஒட்டும். மாவை ஊற்றிய உடனே கரண்டியோடு சுருண்டு வந்தால் கல் அளவுக்கு மிஞ்சிக் காய்ந்துவிட்டது. கை பழகியவர் அப்போது தண்ணீர் தெளித்து, தும்பால் (தேங்காய் நாரால்) அல்லது வெங்காயத் துண்டால் துடைத்து, கல்லைத் தணித்துவிட்டுத்தான் அடுத்த கரண்டி ஊற்றுவார். அன்றைய முதல் இரண்டு தோசை எந்தக் கடையிலும் சுமார்தான். முதல் ஆளாகப் போய் உட்காரவேண்டாம்.

நுவரெலியாவில் இட்லி சில நாள் பஞ்சாகவும் சில நாள் கல்லாகவும் வருவது ஏன்?

குளிர். மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 28 முதல் 32 பாகை செல்சியஸ் பிடிக்கும். அந்த வெப்பத்தில் 8 முதல் 12 மணித்தியாலத்தில் மா பொங்கிவிடும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் ஒற்றை இலக்கத்துக்கும் இறங்கும். அந்தக் குளிரில் மா ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்கும். கடைக்காரர் காத்திருக்க முடியாது. அப்பச்சோடாவை (சமையல் சோடா) அதிகமாகப் போட்டு ஊற்றிவிடுவார். சோடா மிஞ்சினால் இட்லி லேசாகப் பழுப்பேறும், சவர்க்காரம் மாதிரி ஒரு கசப்பு நாக்கில் நிற்கும். அந்தச் சுவை தெரிந்தால் அன்று இட்லியை விட்டு இடியப்பத்துக்கு மாறுங்கள்.

அனுபவமுள்ள கடைகளில் மாப்பானை அடுப்பங்கரையை விட்டு நகராது. அடுப்பு அணைந்த பிறகும் அந்த மேடையில் வெதுவெதுப்பு நிற்கும். பானையைச் சாக்கால் சுற்றி அங்கேயே வைத்துவிடுவார்கள்.

வீட்டில் செய்தாலும் இதே பிரச்சினை. என்ன செய்யலாம்?

புழுங்கலரிசி 4 கப், தோல் நீக்கிய உளுந்து 1 கப், வெந்தயம் 1 தேக்கரண்டி. அரிசியை 6 மணித்தியாலம், உளுந்தையும் வெந்தயத்தையும் 4 மணித்தியாலம் ஊறவையுங்கள். உளுந்தைத் தனியாக அரைக்கவேண்டும். கொஞ்சங்கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து அரைத்தால் அது மூன்று மடங்காக உப்பும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்கவேண்டும். மிதக்காவிட்டால் இன்னும் அரையுங்கள். உளுந்தின் பசைத்தன்மைதான் காற்றைப் பிடித்து வைக்கிறது. அது குறைந்தால் எவ்வளவு புளித்தாலும் இட்லி உப்பாது.

அரிசியை ரவைப் பதத்தில் அரைத்து, உப்புச் சேர்த்து, கையால் இரண்டு நிமிடம் நன்றாகக் கலக்குங்கள். தாழ்நிலத்தில் மா சூடேறிவிடும் என்று குளிர்ந்த தண்ணீர் விட்டு அரைப்பார்கள். மலையில் நேர்மாறாக, அரிசிக்கு வெதுவெதுப்பான தண்ணீர் விடவேண்டும். முந்திய நாள் புளித்த மா இரண்டு மேசைக்கரண்டி இருந்தால் கலந்துவிடுங்கள். பாதி வேலை முடிந்தது. பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி, சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றோடு பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். தண்ணீரை நான்கு ஐந்து மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டும். 14 முதல் 18 மணித்தியாலம் பிடிக்கும். மணியைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்: ஒன்றரை மடங்கு உயர்ந்து, மேலே குமிழ் வைத்திருந்தால் சரி. பொங்கிய பிறகு போட்டுக் கலக்கவேண்டாம். கலக்கினால் பிடித்து வைத்த காற்றெல்லாம் போய்விடும்.

கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடை கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் காசு கொடுக்கவேண்டுமா?

வேண்டாம். சாப்பிட்டதை மட்டும் எண்ணிக் காசு எடுப்பார்கள். மிச்சம் திரும்பிப் போகும். இலங்கை முழுக்க உள்ள பழக்கம் இது. இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். தொட்டதை எடுங்கள், எடுத்ததைத் திரும்ப வைக்கவேண்டாம். மற்றது, அந்தத் தட்டு உங்களுக்கு முன்னால் எத்தனை மேசைக்குப் போய்வந்தது என்று யாருக்கும் தெரியாது. மனம் ஒப்பவில்லையென்றால் "இத எடுத்துட்டு சட்டியில இருந்து ரெண்டு சூடா தாங்க தம்பி" என்று சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

நல்ல வடையை எப்படி அடையாளம் காண்பது?

உளுந்து வடையைப் பிட்டால் உள்ளே வெள்ளையாக, சின்னச் சின்னக் கண்களோடு இருக்கவேண்டும். விரலில் எண்ணெய் வழிந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: அரைக்கும்போது தண்ணீர் கூடிவிட்டது, அல்லது எண்ணெய் காயுமுன் போட்டுவிட்டார்கள். குளிர் ஊரில் இரண்டாவது அடிக்கடி நடக்கும். சில்லென்ற மாவை ஒரே தடவையில் எட்டுப் பத்துப் போட்டால் எண்ணெயின் சூடு சடக்கென்று இறங்கிவிடும், வடை எண்ணெயைக் குடிக்கும். உள்ளே கெட்டியாக, ரொட்டி மாதிரி இருந்தால் கோதுமை மா கலந்திருக்கிறது. உளுந்து விலை ஏறும் காலத்தில் இது கூடும்.

பருப்பு வடையில் ஏமாற்ற அவ்வளவு இடமில்லை. ஒன்றிரண்டாக அரைத்த கடலைப் பருப்பு, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை. ஆறினாலும் தின்னலாம். எதை வாங்குவதென்று தெரியாத கடையில் பருப்பு வடையை வாங்குங்கள்.

மத்தியானச் சோறு எப்படி வரும்?

தட்டின்மேல் பொலித்தீன் தாள் அல்லது வாழையிலைத் துண்டு விரித்து, நடுவில் சோறு. "சம்பாவா, சிவப்பா?" என்று சில இடங்களில் கேட்பார்கள். சுற்றிவரப் பருப்பு, இரண்டு மரக்கறி, கீரை அல்லது சம்பல், அப்பளம், பொரித்த மோர் மிளகாய். சாம்பாரும் ரசமும் வாளியில் வரும். வெலிமடை, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்கள் கிட்ட இருப்பதால் கரட், லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்), போஞ்சி (பீன்ஸ்), பீட்ரூட் எல்லாம் அன்று பறித்ததுபோல இருக்கும். லீக்ஸ் சுண்டலும் (வதக்கல்) பீட்ரூட் கறியும் தமிழ்நாட்டுச் சாப்பாட்டுக் கடைகளில் இதே கைப்பக்குவத்தில் எளிதில் கிடைக்காதவை, விடவேண்டாம்.

சோறும் கறியும் பெரும்பாலான சைவக் கடைகளில் இரண்டாம் தடவையும் வரும், அதற்குத் தனிக் காசு இல்லை. தயிர், பாயசம் போன்றவற்றுக்கு வேறாகக் கணக்கு. போதுமென்றால் வாயால் சொல்வதோடு கையைத் தட்டுக்கு மேலே பிடியுங்கள். சொன்னதைக் கேட்கும் முன்னே கரண்டி கவிழ்ந்துவிடும்.

ரசத்தைக் கடைசியில் சோற்றில் ஊற்றிச் சாப்பிடலாம், அல்லது ஒரு கிளாஸில் வாங்கிக் குடிக்கலாம். ஹட்டன் மழையில் இரண்டாவதுதான் நல்லது.

சாம்பார் ஏன் வேறு சுவையாக இருக்கிறது?

பல கடைகள் துவரம் பருப்புக்குப் பதிலாக மைசூர் பருப்பைப் போடுகின்றன, அல்லது இரண்டையும் கலக்கின்றன. விலை ஒரு காரணம், உயரம் இன்னொன்று. ஏறக்குறைய 300 மீற்றர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு பாகை குறையும். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடுகிறது. துவரம் பருப்பு மூடாத பானையில் அங்கே வேகவே மாட்டேன் என்று நிற்கும். மைசூர் பருப்பு இருபது நிமிடத்தில் கரைந்துவிடும். சுவை கொஞ்சம் மண்ணும் இனிப்புமாக இருக்கும், நிறம் வெளிறும். காரமும் சற்றுக் கூடுதல். வறுத்து இடித்த இலங்கை மிளகாய்த் தூளை இதிலும் ஒரு கரண்டி போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பராட்டா கேட்கலாமா? கொத்து?

மாலையில் கேளுங்கள். பராட்டாக்காரர் காலையில் மா பிசைந்தாலும் மதியத்துக்கு மேல்தான் கல்லில் நிற்பார். ஒரு கிலோ கோதுமை மாவுக்கு 550 முதல் 600 மில்லிலீற்றர் தண்ணீர், 15 கிராம் உப்பு, கொஞ்சம் சீனி, எண்ணெய் சேர்த்துப் பிசைந்து, 80 கிராம் அளவில் இருபது உருண்டை பிடிப்பார். உருண்டைகளை எண்ணெயில் முக்கி இரண்டு மூன்று மணித்தியாலம் ஊறவிடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஊறாத உருண்டையை வீசினால் ரப்பர் மாதிரிச் சுருங்கிக் கொள்ளும், இல்லையேல் கிழியும். ஊறியது கண்ணாடி மாதிரி விரியும். அதை மடித்துச் சுருட்டிச் சுட்டு, சூட்டோடு இரண்டு கையாலும் அடித்து அடுக்கைப் பிரிப்பார். குளிரில் மா இறுகுவதால் மலையில் இந்த ஊறல் நேரம் இன்னும் கூடும். அவசரப்படுகிற கடையில் பராட்டா தட்டையாக, அடுக்கு பிரியாமல் இருப்பதைப் பார்க்கலாம்.

கொத்து என்பது அந்த ரொட்டியை மரக்கறியோடு இரண்டு தகட்டால் கல்லில் கொத்தி எடுப்பது. சைவக் கடையில் மரக்கறிக் கொத்து மட்டும். ஒரு தட்டு இரண்டு பேருக்குக் காணும். முந்தி மிஞ்சிய ரொட்டியும் இதற்குள் போகும், அதில் குற்றமில்லை; பழைய ரொட்டிதான் கொத்துக்குப் பதம்.

நான், பட்டர் சிக்கன், பன்னீர் எல்லாம் கிடைக்குமா?

கண்டியிலும் நுவரெலியாவிலும் சுற்றுலாப் பயணிகளுக்கான வட இந்திய உணவகங்களில் கிடைக்கும். பஸார் கடையில் தேடவேண்டாம். பட்டியலில் "நான்" இருந்தால் உள்ளே தந்தூர் அடுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். தந்தூரில் சுட்ட நானின் மேலே கருகிய கொப்புளங்கள் இருக்கும், அடுப்புச் சுவரில் ஒட்டியிருந்த அடிப்பக்கம் மொறுமொறுப்பாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பழுப்புப் புள்ளியோடு வந்தால் அது தோசைக்கல்லில் சுட்டது. அந்தக் காசுக்கு மூன்று பராட்டா சாப்பிடலாம்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் எதைக் கவனிக்கவேண்டும்?

சைவக் கடைக்கு வெளியே முக்கியமான பொறி மாசி, அதாவது அவித்துக் காயவைத்த மீன். கட்டைச் சம்பல் (செத்தல் மிளகாய் இடித்தது), தேங்காய்ச் சம்பல், சில பருப்புக் கறி, கீரைச் சுண்டல் எதிலும் மாசித் தூள் இருக்கலாம். தூளாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. "மீன் போட்டிருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்று உண்மையாகவே சொல்வார்கள், மாசியை மீனென்று கணக்கெடுக்காதவர்கள் பலர். "மாசி போட்டதா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மீன், இறைச்சி அடைத்த ரோல்ஸும் பற்றிஸும் பொரித்த அதே எண்ணெயில்தான் அங்கே வடையும் பொரிகிறது.

கோதுமை கூடாதென்றால் தோசையை நம்பவேண்டாம், மேலே சொன்ன காரணம்தான். கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மா கலந்திருக்கும். அதனால் சாம்பார், ரசத்திலும் சந்தேகம் உண்டு. பாதுகாப்பானது சோறும் தேங்காய்ப்பால் கறிகளும். அரிசிமா இடியப்பம் என்று கேட்டு வாங்கலாம், ஏனென்றால் கோதுமை மா இடியப்பமும் இங்கே உண்டு. பால் பொருள் தவிர்ப்பவர்களுக்குச் சிக்கல் குறைவு. சொதியும் கறியும் தேங்காய்ப்பால்தான். நெய் விடவேண்டாம் என்று தோசைக்குச் சொல்லுங்கள், சோற்றோடு வரும் மோர் மிளகாயை விடுங்கள், பராட்டாவில் மாஜரீன் பற்றிக் கேளுங்கள்.

பிள்ளைகளுக்குக் காரமில்லாமல் என்ன கொடுக்கலாம்?

இடியப்பமும் சொதியும். சொதியில் பச்சை மிளகாய் முழுதாகக் கிடக்கும்; எடுத்துவிட்டால் சரி. இட்லியும் சீனியும் கேட்டாலும் சிரிக்கமாட்டார்கள். செந்நிறச் சம்பலைத் தள்ளி வையுங்கள்.

தேயிலை நாட்டில் தேநீர் ஏன் பால்மாவில் வருகிறது?

பலருடைய ஏமாற்றம் இது. சுற்றிவரத் தேயிலை மலை, கடையில் டஸ்ட் தேயிலையும் பால்மாவும். டஸ்ட் என்பது குப்பை அல்ல. சல்லடையில் கடைசியாகப் பிரியும் மிகச் சிறிய துகள். சாயமும் கடுப்பும் விரைவில் இறங்கும், துணி வடியில் ஊற்றி ஆற்றிக் கொடுக்க அதுவே தோது. நல்ல தேயிலையின் வாசனை வேண்டுமென்றால் பாலில்லாத பிளேன்டீ கேளுங்கள், இஞ்சி தட்டிப் போட்டு. சொல்லாவிட்டால் இரண்டு மூன்று கரண்டி சீனியோடு வரும். "சீனி தனியா" என்று சொன்னால் ஓரத்தில் வைத்துத் தருவார்கள். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே கசப்புச் சாயத்தைக் குடிப்பது தோட்டத்துப் பழக்கம்.

வயிறு கெடாமலிருக்க எதைப் பார்க்கவேண்டும்?

கூட்டத்தைப் பாருங்கள். சரக்கு வேகமாக ஓடுகிற கடையில் பழையது தேங்காது. தட்டில் வருவது ஆவி பறக்கவேண்டும். முதலில் கெடுவது தேங்காய்ச் சட்னி. அரைத்து நாலைந்து மணித்தியாலத்தில் புளிப்பு வாடை வரும், தண்ணீர் பிரியும். காலையில் அரைத்ததை மத்தியானத்துக்கு மேல் தந்தால் தொடவேண்டாம், சாம்பாரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடிக்கக் கொதித்த தண்ணீர் கேட்டால் பெரும்பாலும் சூடாகவே தருவார்கள்.

கை கழுவும் இடம் கடையின் கடைசியில் இருக்கும். அதைப் பார்த்தாலே சமையலறையைப் பற்றி அரைவாசி தெரிந்துவிடும். உண்மையிலேயே மோசமாக இருந்தால் முறையிடவேண்டிய இடம் அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

கடை ஆட்களை எப்படிக் கூப்பிடுவது?

பரிமாறுகிறவர் இளவயதென்றால் தம்பி, மூத்தவரென்றால் அண்ணே. கல்லாவில் இருப்பவர் முதலாளி. தோட்டப் பக்கத்துப் பேச்சு தமிழ்நாட்டுப் பேச்சுக்கு நெருக்கம், சொல்மட்டும் இலங்கைச் சொல்: சீனி (சர்க்கரை), கோவா, போஞ்சி, பாண் (பிரெட்). சிங்களம் பேசும் கடையானால் "தோசே தெகக்" என்றால் இரண்டு தோசை, "சீனி நத்துவ" என்றால் சீனி இல்லாமல். அங்கே "அய்யா" என்று கூப்பிட்டால் அண்ணன் என்று பொருள். மரியாதையாக நினைத்துப் பெரியவரைக் கூப்பிட்டாலும் தப்பில்லை, சிரித்துக்கொண்டே வருவார்.

பில், டிப்ஸ்?

சாப்பிட்டு எழுந்ததும் பரிமாறியவர் கணக்கைச் சத்தமாகச் சொல்வார் அல்லது துண்டில் எழுதித் தருவார், கல்லாவில் கட்டவேண்டும். காசாகவே வைத்துக்கொள்ளுங்கள்; சின்னக் கடைகளில் அட்டை செல்லாது. சேவைக் கட்டணம் போடமாட்டார்கள். மேசையில் சில்லறை விட்டால் போதும். விலைப்பட்டியலை ஆட்கள் பார்க்கக்கூடிய இடத்தில் வைக்கவேண்டியது சட்டம். பட்டியலுக்கு மேல் எடுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம்.

எந்த நாட்களில் போகாமலிருப்பது நல்லது?

வெள்ளிக்கிழமை மத்தியானம் சைவக் கடையில் இடம் கிடைக்காது; ஊரே அன்று மரக்கறி. போயா எனப்படும் பௌர்ணமி நாளில் இறைச்சிக் கடைகள் மூடுவதால் அந்தக் கூட்டமும் சேரும். ஏப்ரலில் நுவரெலியா சீசன், அப்போது கூட்டமும் விலையும் இரண்டும் ஏறும். மார்கழிப் போயாவிலிருந்து வைகாசிப் போயாவான வெசாக் வரை சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் ஹட்டன் வழியாகத்தான் நல்லதண்ணிக்குப் போவார்கள். அந்த மாதங்களில் வார இறுதி இரவுகளில் ஹட்டனில் சில கடைகள் நேரம் பிந்தியும் திறந்திருப்பது வசதி.

ரயிலுக்குப் பார்சல் கட்டினால் எது தாங்கும்?

தேங்காய் ரொட்டி, பருப்பு வடை, இட்லி, இந்த வரிசையில். தோசை தாங்காது. சூட்டோடு தாளில் மடித்தால் அதன் ஆவியிலேயே ஊறி, பத்து நிமிடத்தில் ஈரத்துணியாகும். சாம்பாரைப் பொலித்தீன் பையில் முடிந்து தருவார்கள். மலை ரயிலின் ஆட்டத்தில் அதைப் பிரிப்பதே ஒரு வித்தை, ஆகவே கட்டைச் சம்பல் மட்டும் தனித் தாளில் கேளுங்கள். நுவரெலியாவில் வாங்குகிறவர்கள் நேரத்தைக் கூட்டிக் கணக்குப் பார்க்கவும்: நகரத்தில் ரயில் நிலையம் இல்லை, நானுஓயாவுக்குச் சுமார் 8 கிலோமீற்றர் இறங்கவேண்டும். வாங்கியதும் பொட்டலத்தின் ஒரு மூலையைத் திறந்துவிட்டு ஆவியைப் போகவிடுங்கள். இட்லியும் ரொட்டியும் அப்படியே பதுளை வரை வரும்.